ஏழாம் அடியில் ஒரு பள்ளம்

தீயணைப்பு நிலையத்தில் எனக்குக் 'காது' என்று பெயர். நேரில் 'மாஸ்டர்' என்பார்கள். முதுகைத் திருப்பினால் 'காது வருது, காது வருது' என்று கிசுகிசுப்பார்கள். அதுவும் என் காதில் விழும். பதினோரு வருடமாக நிலையத்தின் பாண்டு வாத்தியக் குழுவுக்கு நான்தான் மாஸ்டர். அழைப்பு மணி அடிக்காத நேரத்தில் பாண்டு. அடித்தால் வாத்தியத்தை வைத்துவிட்டு எல்லோரும் வண்டியில் ஏற வேண்டும். மொத்தம் இருபத்து நான்கு பேர், வரிசைக்கு நான்கு பேராக ஆறு வரிசை.

போன வருட அணிவகுப்பில் எங்கள் மானம் கப்பலேறியது. பெரிய அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க ஆளுங்க வாசிக்கிறதும் லாரியிலேர்ந்து தகரம் சரியறதும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது. அடுத்த வருஷமும் இப்படித்தான்னா சொல்லிடுங்க. ஒரு ஸ்பீக்கரை வண்டியில கட்டிப் பாட்டைப் போட்டுக்குறோம்" என்றார்.

கோபத்தில் எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. அதைவிடக் கோபம், அவர் சொன்னது சரி என்பதில். பாண்டு கேட்கச் சகிக்கவில்லைதான். நாங்கள் இத்தனை காலம் வண்டிகளை வெளியே எடுத்துவிட்டு அந்தக் கொட்டகைக்குள் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். தகரக் கூரை ஒவ்வொரு சுரத்தையும் இரண்டு முறை திருப்பிக் கொடுக்கும். தப்பையெல்லாம் எதிரொலி பூசி மெழுகிவிடும். உள்ளே நாங்கள் பெரிய ஆட்கள். வெளியே தெருவுக்கு வந்தால் தகரம் சரியும்.

மறுநாளே எல்லோரையும் முற்றத்துக்கு இழுத்துவந்தேன். வெட்டவெளி முகத்தாட்சண்யம் பார்க்காது. காலையில் பித்தளை குளிர்ந்து கிடக்கும்போது சுரம் இறங்கும், வெயில் ஏறினால் சுரமும் ஏறும் என்பதால் ஒவ்வொரு வாத்தியத்தின் குழாயையும் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஊதுவாய் உதட்டில் மோதி ஒலி நடுங்குகிறது. அதற்காக இடது உள்ளங்கையில் தண்ணீர் நிரம்பிய டம்ளரை வைத்துக்கொண்டு, குதிகால் முதலில், பிறகு பாதம் என்று இரண்டு வாரம் வெறுமனே நடக்கவைத்தேன்.

"மாஸ்டர், இது பாண்டுதானா, இல்ல ஓட்டல்ல சர்வர் வேலைக்கு அனுப்பப் போறீங்களா?" என்றார் டிரம்காரர். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். வயிற்றின்மேல் பெரிய டிரம் உட்கார இடம் தயாராக இருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் டம்ளரில் பாதித் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.

நடந்து வாசிக்கும் பாண்டில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆறு வரிசை நீளத்தில் பின்னால் நிற்பவன், முன்னால் கேட்கும் ஒலியை நம்பி வாசித்தால் ஒரு இழை பிந்திவிடுவான். அந்த இழைதான் கேட்பவருக்குச் சேறாகக் கேட்கும். "உங்க காதை வீட்டுல வெச்சுட்டு வாங்க. கேக்குற வேலையை நான் பாத்துக்குறேன். நீங்க முன்னாடி நிக்கிறவன் குதிகாலைப் பாருங்க" என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமை வேறு.

ஒலி திரண்டு வரப் பத்தரை மாதம் ஆனது. தீயணைத்து நனைந்த தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்க எங்கள் நிலையத்தில் உயரமான கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் ஏறி நின்று கேட்டேன். டிரம்பெட்டுகள் சுத்தம். கிளாரினெட்டுகள் ஒரே குரல். அடிக்குரல் மட்டும் எட்டு அடிக்கு ஒரு தரம், சரியாக ஏழாம் அடியில், அமுங்கி எழுந்தது. நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்துபோன மாதிரி அங்கே ஒரு பள்ளம். மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று தரமும் அதே இடம்.

அடிக்குரல்காரர்கள் நான்கு பேர், மூன்றாம் வரிசை. இரண்டு டூபா, இரண்டு யூபோனியம். யூபோனியம் என்பது குழந்தையை அணைத்துப் பிடிப்பதுபோல் மார்போடு பிடித்து ஊதும் பித்தளை வாத்தியம். அதில் ஒன்றை வாசிப்பவன் ஒல்லி. பேருக்கேற்ற உடம்பு, ஆனால் மூச்சு மட்டும் குதிரை மூச்சு. மற்றொருவன் என் தங்கச்சியின் புருஷன்.

அவனை 'அவன்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். முதலில் நண்பன், பிறகுதான் மாப்பிள்ளை. நல்லவன், கை சுத்தம், வாய் சுத்தம் என்று வீட்டில் சொல்லித் தங்கச்சியை அவனுக்குக் கட்டிவைத்தவனே நான்தான்.

நால்வரையும் நிறுத்தி, தனித்தனியாக முற்றத்தின் நீளத்துக்கு வாசித்துக்கொண்டே நடக்கச் சொன்னேன். மூன்று பேர் எட்டு அடியும் ஒரே மூச்சில் போனார்கள். மாப்பிள்ளை கடைசியாக வந்தான். ஐந்தாம் அடியில் கழுத்து நரம்பு புடைத்தது. ஆறாம் அடியில் முகம் கறுத்தது. ஏழில் ஒலி நின்றது. வாத்தியத்துக்குள் சேர்ந்த எச்சில் நீரை வடிப்பதுபோலக் குனிந்துகொண்டான். நீர் எதுவும் வடியவில்லை. அவன் முதுகுதான் குலுங்கியது.

அவனைச் சாமான் அறைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்ன மாப்ள இது?"

"சளி."

"எத்தனை நாளா?"

அவன் நகரப் பார்த்தான். நான் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த மெத்தைக் கிடங்கு எரிஞ்சுதே மச்சான், அன்னிலேர்ந்து. மாஸ்க் கண்ணாடி மொத்தமா மூடிக்கிச்சு. வழி தெரியல. கழட்டிட்டேன். ரெண்டே நிமிஷம்தான்."

மெத்தைக் கிடங்கு எரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? போன் எடுக்குற டேபிள்ல உக்கார வெச்சிருவாங்க. வண்டி கிளம்பறப்ப எல்லாம் நான் ஜன்னல் வழியா டாட்டா காட்டிக்கிட்டு இருக்கணும். என்னால முடியாது மச்சான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அணிவகுப்பு முடியட்டும். அதுக்கப்புறம் நானே போறேன். சத்தியமா."

அந்த இடத்திலேயே அவனை இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும். ஆனால் அணிவகுப்புக்கு ஆறு வாரம்தான் இருந்தது. யூபோனியம் வாசிக்க வேறு ஆள் இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு ஆள் குறைந்தால் பெரிய அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். அவன் கெஞ்சியது எனக்கும் வசதியாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் என்ன இருக்கிறது?

"சரி. மூச்சை நான் பாத்துக்குறேன்" என்றேன்.

மூச்சைப் பார்த்துக்கொள்வது என்பது எங்கள் தொழிலில் பழைய வழிதான். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் ஒலி அறுந்துவிடும். அதனால் ஆளுக்கு ஒரு இடமாக மாற்றிக் கொடுப்பார்கள். ஒருவன் நிறுத்தும்போது பக்கத்தில் இருப்பவன் கொஞ்சம் கூட்டி ஊதி மறைப்பான். கேட்பவருக்கு யாருமே மூச்சு வாங்காத மாதிரி இருக்கும். வாத்தியத்தில் செருகியிருக்கும் சின்ன இசை அட்டையில், மூச்சு வாங்கும் இடத்தைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுவேன். திருத்தம் செய்த தேதியை மேல் மூலையில் எழுதுவது என் வழக்கம்.

ஒல்லியின் அட்டையில் ஆறு கோடு. டூபாக்காரர்களுக்கும் ஆறாறு. மாப்பிள்ளையின் அட்டையில் பத்தொன்பது.

ஒல்லியிடம் ஒரு காரணமும் சொல்லவில்லை. "அவர் விடுற இடத்துல நீ பிடி. விட்டாருன்னே தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். அவன் புத்திசாலி. கேள்வி கேட்கவில்லை. இரண்டே வாரத்தில், மாப்பிள்ளையின் தோள் தாழ்வதைக் கண்ணோரத்தில் பார்த்த உடனே ஒல்லியின் ஒலி தானாக உயரும். சில நாள் மாப்பிள்ளை ஒரு முழு வரி சும்மா விரலை மட்டும் அசைத்துக்கொண்டு நடப்பான். அதையும் ஒல்லி நிரப்பிவிடுவான்.

மறுபடி கோபுரத்தில் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் அடிக்காகக் காத்திருந்தேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. பள்ளம் இல்லை. அடிக்குரல் புதுத் தார் போட்ட சாலையாக நீளப் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் மாடி. வாரம் தவறாமல் போவேன். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய சீருடையை மேசைமேல் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அவருக்கு உடம்பு சரியில்லையோன்னு இருக்கு."

"ஏன், என்ன?"

"படி ஏறி வர்றதுக்குள்ள ரெண்டு தடவ நிக்கிறாரு. கேட்டா ஷூ லேஸ் அவுந்துருச்சுங்கிறாரு. தினமும் எப்படி அவுரும்? நேத்து செருப்பு போட்டுக்கிட்டுப் போனாரு. அப்பவும் லேஸ்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஆனால் அவள் சீக்கிரம் நிறுத்திவிட்டாள்.

"உனக்குத்தான் காது இருக்கே. தினம் பக்கத்துல நின்னு கேக்குற. அவரு ஊதுறது சரியா இருக்கா? ஏதாச்சும் கொறையுதா? நீ சொன்னா நான் நம்பிடுவேன். சும்மா போட்டு மனசைக் கொழப்பிக்க மாட்டேன்."

"நேத்துகூடக் கோபுரத்து மேல நின்னு கேட்டேன். ஒரு கொறையும் இல்ல" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் முகம் தெளிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை எடுத்து, விட்ட மடிப்பிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்த மாதமே தகுதிப் பட்டியலும் வந்தது. தீக்குள் போகிறவர்கள் எல்லோரும் வருடம் ஒரு முறை மருத்துவர் முன்னால் ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். பாண்டுக்காரர்களுக்கு மட்டும் அது கிடையாது. முன்னொரு காலத்தில் இருந்த மருத்துவர், "ஊதறதையே வேலையா வெச்சிருக்குறவனை நான் வேற ஊதச் சொல்லணுமா?" என்று கேலியாகச் சொன்னாராம். அந்தக் கேலி அப்படியே நடைமுறையாகிவிட்டது. எட்டு அடி ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு நடக்கிறவன் தீக்குள் போகத் தகுதி உள்ளவன். பாண்டு மாஸ்டர் கையெழுத்துப் போட்டால் போதும். வேறெந்த நிலையத்திலும் இப்படி ஒரு கூத்து இருக்காது. எங்களுக்கு அதில் பெருமை.

இருபத்து நான்கு பெயர். மேலிருந்து கீழே விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாம் வரிசைப் பெயர்கள் வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. அணிவகுப்பு முடியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதே பேனாவால் அவன் பெயருக்கும் போட்டேன்.

அணிவகுப்பு பிரமாதமாக நடந்தது. சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெரிய அதிகாரி மேடையிலிருந்து இறங்கிவந்து என் கையைக் குலுக்கினார். "இது நம்ம பாண்டுதானா?" என்றார். மாப்பிள்ளை வியர்வையில் தொப்பலாக நனைந்து, வெளிறிப்போய், என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பிறகு 'அடுத்த வாரம் போறேன் மச்சான்' என்றான். அடுத்த வாரம் பெரிய அதிகாரி இன்னொரு விழாவுக்கு எங்களை ஒப்புக்கொண்டுவிட்டார். 'அது முடியட்டும்' என்று இந்தத் தடவை சொன்னது அவன் இல்லை, நான்.

அந்த விழாவுக்கு நான்கு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மணி அடித்தது. பிளாஸ்டிக் சாமான் கிடங்கு. தரைக்குக் கீழே ஒரு தளம், அங்கேதான் தீ. நாங்கள் போனபோது கறுப்புப் புகை தரையோடு ஊர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. கீழே காவலாளி ஒருவர் இருக்கலாம் என்றார்கள். அவர் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

உள்ளே இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். பாண்டில் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் உள்ளேயும் ஜோடி. முதுகில் காற்று உருளை, முகத்தில் மாஸ்க். வெளியே ஒருவர் பலகையோடு நிற்க வேண்டும். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், யாருக்கு எவ்வளவு காற்று மிச்சம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வயர்லெஸ்ஸில் கேட்டு எழுத வேண்டும். அவரவர் அளவை அவரவர்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பலகை என் கையில். ஒல்லியும் மாப்பிள்ளையும் முதல் ஜோடி.

அவனை நிறுத்தியிருக்கலாம். "நீ வண்டியில இரு" என்று ஒரு வார்த்தை. எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது, பட்டியலில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று நினைத்தேன். அவன் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் இறங்கினான்.

ஐந்தாம் நிமிடம் கேட்டேன். இரண்டு குரலும் வந்தன. இரண்டு அளவையும் எழுதினேன்.

பத்தாம் நிமிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். பாதிக்கு மேல இருக்கு" என்றது ஒல்லியின் குரல். இரண்டு பெயருக்கும் நேராக எழுதினேன்.

பதினைந்தாம் நிமிடம். "ரெண்டு பேரும் ஓகே." எழுதினேன்.

இருபத்து நான்கு வாத்தியத்தில் ஒன்று மூச்சு விட்டால் கோபுரத்தின் உச்சியில் நின்று கண்டுபிடிக்கிற ஆள் நான். இரண்டு பேர் பேச வேண்டிய இடத்தில் ஒரே குரல் வருகிறது. அது எனக்குக் குறையாகவே படவில்லை. கேட்கக் கச்சிதமாக இருந்தது.

பதினேழாம் நிமிடம் வயர்லெஸ்ஸில் விசில் சத்தம் கேட்டது. காற்று தீரப்போகும்போது உருளையே அடிக்கும் விசில். பதினேழு நிமிடத்தில் அது அடிக்கக் கூடாது. ஒல்லி கத்தினான். "விழுந்துட்டாரு! படியில விழுந்துட்டாரு! இழுக்க முடியல!"

அடுத்த ஜோடி ஓடியது. நானும் ஓடினேன். டிரம்காரர் என்னைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாஸ்க் இல்லாமல் போகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. மேலே வரும் படி மொத்தம் பதினெட்டு. மாப்பிள்ளை பதினான்காவது படியில் கிடந்தான். வெளியே கொண்டுவந்து மாஸ்க்கைக் கழற்றியபோது உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் டிரம்காரர் சைரனை அலறவிட்டுக்கொண்டே ஓட்டினார். போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கையில் இருந்த அவன் கையில் நாடியே இல்லை.

ஒல்லி அன்று மாலை நிலையத்து முற்றத்தில், வண்டியின் கால்மிதியில் உட்கார்ந்திருந்தான். கரி அப்பிய முகத்தில் கண்ணீர் வழிந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"ஏண்டா நீயே பதில் சொன்ன? அவனோட அளவை ஏன் அவன் சொல்லல?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"அவரால பேச முடியல மாஸ்டர். மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாரு. தோள் எறங்குறதைப் பாத்தேன். பாத்ததும் நான் சொல்லிட்டேன். யோசிக்கவே இல்ல மாஸ்டர். தினமும் அப்படித்தானே பண்றோம்? அவர் விடுற இடத்துல நான் பிடிக்கணும்னுதானே சொன்னீங்க?"

அவன் சட்டையை விட்டேன். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பயிற்சியில் தப்பு செய்தால் எப்படி விளக்குவானோ அப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தான்.

அடக்கத்தன்று பாண்டு வாசித்தது. வேலையில் இறந்தவர்களுக்கு நிலையம் செய்யும் மரியாதை அது. மூன்றாம் வரிசையில் அவன் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டிருந்தோம். மெதுநடை. நான் முன்னால் நடந்தேன், காது முழுக்கப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு எட்டு அடிக்கும் ஏழாம் அடியை எதிர்பார்த்தேன். அங்கே ஒலி விழ வேண்டும். விழட்டும் என்று ஏங்கினேன். அவன் இல்லை என்று அந்த ஒரு இடமாவது சொல்லட்டும். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எதுவும் விழவில்லை. ஒல்லி அழுதுகொண்டே எல்லாவற்றையும் நிரப்பினான். நான் அப்படிப் பழக்கியிருந்தேன். அதுவரை நாங்கள் வாசித்ததிலேயே அதுதான் சுத்தமான வாசிப்பு.

பெரிய அதிகாரி என் தோளைத் தட்டி, "கலங்காம நடத்திட்டீங்க" என்றார்.

விசாரணை ஆரம்பித்தது. விதிப்படி அவரவர் அளவை அவரவர் சொல்லாதது ஏன் என்று கேட்டார்கள். வயர்லெஸ் பதிவில் ஒல்லியின் குரல் இருந்தது. ஒல்லியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தங்கச்சி வரச் சொன்னாள். மேசைமேல் அவனுடைய அலமாரிச் சாமான்களைப் போட்டு நிலையத்தில் கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. சோப்பு டப்பா, காலுறை, வாத்தியத்துக்குப் போடும் எண்ணெய்ப் புட்டி. அவள் உட்காரச் சொல்லவில்லை. கையில் இசை அட்டையை வைத்திருந்தாள்.

"இந்தச் செகப்புக் கோடு என்னண்ணா?"

"மூச்சு வாங்குற எடம்."

"ஒல்லி நேத்து வந்திருந்தான். அவன் அட்டையையும் கேட்டு வாங்கிப் பாத்தேன். அவனுக்கு ஆறு இருக்கு. இதுல பத்தொம்பது." அவளுக்கு இசை படிக்கத் தெரியாது. கோடு எண்ணத் தெரியும். "இது உன் கையெழுத்துதானே? மேல தேதி போட்டிருக்க."

"ஆமா."

"இந்தத் தேதிக்கு அடுத்த ரெண்டாவது ஞாயித்துக்கிழமை இதே எடத்துல நின்னு உன்னைக் கேட்டேன். இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. தலையை ஆட்டினேன். அவள் கத்துவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் அட்டையை என் சட்டைப் பையில் செருகி, சின்ன வயதில் நான் அவளைப் பள்ளிக்கு அனுப்பும்போது செய்வதுபோல, பையின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஒல்லிக்குப் பொண்டாட்டி இருக்கா. அவனை மாட்டிவிட்டுட்டு நீ சும்மா இருந்தா என்னால தாங்க முடியாது. இதை விசாரிக்கிறவங்ககிட்ட நீயே கொண்டுபோய்க் குடு. நாளைக்குக் காலைல நீ குடுக்கலைன்னா, நான் போய் என் வாயால சொல்லுவேன்."

"குடுத்துடுறேம்மா."

"அதுக்கப்புறம் இங்க வராதே அண்ணா."

அப்போதும் அண்ணா என்றுதான் சொன்னாள். கதவு என் பின்னால் சாத்திக்கொண்டது. இறங்க ஆரம்பித்தேன்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றேன். வெள்ளையடித்த சுவரில், தோள் உயரத்தில், ஒரு உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக அழுக்கேறியிருந்தது. தினமும் ஒரே இடத்தில் கை ஊன்றி ஊன்றிப் படிந்த அழுக்கு. முதல் மாடித் திருப்பத்திலும் அதே உயரத்தில் இன்னொன்று. வாரம் தவறாமல் இந்தப் படியில் ஏறி இறங்கியவன் நான். இரண்டையும் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

முதல் மாடித் தடத்தின்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அவன் கை என் கையைவிடப் பெரியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பையிலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளில் இறங்கினேன். விசாரணை அலுவலகம் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.